நூற்றவளின் பெயர்

ஆங்கிலத்தில் 'ஸ்பின்ஸ்டர்' என்றொரு சொல் உண்டு. இன்றைய அகராதிகளில் அதற்கு 'மணமாகாத பெண்' என்பதே முதற்பொருளாக நிற்கிறது. ஆனால் அச்சொல் பிறந்தபோது அதற்கும் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. நூல் நூற்பவள் என்பதே அதன் பொருள்.

'ஸ்பின்' என்றால் நூற்றல். 'ஸ்டர்' என்பது பழைய ஆங்கிலத்தில் தொழில் புரியும் பெண்ணைக் குறித்த விகுதி. நெய்பவள் 'வெப்ஸ்டர்', ரொட்டி சுடுபவள் 'பாக்ஸ்டர்'. 1828இல் பேரகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயரும் நெசவிலிருந்து வந்ததே.

இயந்திரம் வருமுன் ஒரு தறிக்கு நூல் தர இங்கிலாந்தில் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. மணமாகாத மகளிர் பலருக்கு அதுவே பிழைப்பு. ஆவணங்களில் பெயரோடு தொழிலையும் எழுதுவது வழக்கம். நாளடைவில் தொழில் மறைந்து நிலை மட்டும் நின்றது. 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் மணமாகாதவளுக்குரிய சட்டச் சொல்லாயிற்று. பின்னர் ஏளனமும் அதில் ஏறியது. 1770இல் ஹார்கிரீவ்ஸ் காப்புரிமை பெற்ற ஜென்னியும் அதனைத் தொடர்ந்த ஆலைகளும் கைநூற்பையே விழுங்கின. 2005இல் இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்தும் அச்சொல் விடைபெற்றது.

நம் சங்க இலக்கியமும் நூற்பவளைப் 'பருத்திப் பெண்டு' என்று தொழிலாலேயே அழைத்தது. ஆண்துணையற்ற மகளிர் நூற்ற நுண்ணூலையும் அது அறியும்.

உழைப்பின் பெயர் எவ்வாறு ஏளனப் பெயராகிறது? அவ்வுழைப்பைத் தொழிலென்று எண்ணாமல், பெண்ணின் இயல்பென்று எண்ணும்போதுதான். உறுப்பினர்களே, நம் இல்லங்களை நோக்குவோம். தறியில் அமர்பவர் நெசவாளர். அவருக்குத் தார் சுற்றித் தருபவள், பாவுக்குத் துணை நிற்பவள் யார்? 'வீட்டில் இருக்கிறாள்' என்கிறோம். நிலம் உடையவர் விவசாயி. குனிந்து பருத்தி எடுப்பவளுக்கோ பெயரில்லை.

சங்க ஏட்டில் இவர்களுடைய பெயரும் தொழிலும் எழுதப்படவேண்டும். கூலியைக் கணக்கிடும்போது இவர்களுடைய உழைப்பும் தனியே எண்ணப்படவேண்டும். தகுதியுடையோர் உறுப்பினராகவும் வேண்டும். இது சலுகையன்று, கணக்கைச் சரியாக எழுதுவதேயாகும். ஏட்டில் ஏறாத உழைப்பு, ஊதியத்தை மட்டுமன்றித் தன் பெயரையும் இழக்கும் என்பதற்கு அந்த ஆங்கிலச் சொல்லே சான்று.