புரதக் கரைசலும் உப்பும்

புரதத்தின் எடையைக் கணிக்கும் நிறை நிறமாலைமானி தெளிவற்ற விடை தந்தால் கருவியையே பழிப்பது வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் குற்றம் குப்பியில் இருக்கிறது.

புரதம் கெடாதிருக்க அதனைப் பாஸ்பேட்டுத் தாங்கல் கரைசலில் வைப்பர். புரதத்துக்கு அது நலமே, கருவிக்கு அன்று. மின்தெளிப்பு முறையில் கரைசல் நுண்துளிகளாகச் சிதறி, நீர் ஆவியாகிப் புரத அயனிகள் எஞ்சவேண்டும். பாஸ்பேட்டும் சமையலுப்பும் ஆவியாவதில்லை. துளியிலேயே தங்கிப் புரதத்தின் அடையாளத்தை அமுக்கிவிடுகின்றன. ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் சோடியம் அமர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 22 அலகு கூடும். ஹீம் நீங்கிய குதிரை மையோகுளோபினின் எடை ஏறக்குறைய 16,951 அலகு. உப்புக் கலந்த மாதிரியில் 16,973, 16,995 என்று முகடுகள் பிரிந்து தோன்றும்.

யூரியாவின் செயல் இன்னும் வஞ்சகமானது. அதன் கரைசலைச் சூடாக்கினால் விளையும் சயனேட்டு, புரதத்துடனேயே கூடி 43 அலகைச் சேர்க்கிறது. அதனை உயிரினத்தில் நிகழ்ந்த மாற்றமென்று எண்ணி ஆய்வுரை எழுதிவிட்டால் மீட்பது எளிதன்று.

அம்மோனியம் அசிட்டேட்டு ஆவியாகி அகல்வது. கூழ்மப்பிரிப்பால் மாதிரியை அதற்கு மாற்றிவிடலாம், செலவும் அற்பமே. ஆனால் என்ன கலந்துள்ளது என்று தெரியாமல் எதை நீக்குவது? களத்திலிருந்து அனுப்பும் குப்பியில் பெயரும் நாளும் மட்டும் போதா. தாங்கல் கரைசலின் பெயர், உப்பின் அளவு, டிடர்ஜெண்டு சேர்ந்ததா என்பது ஆகிய மூன்றும் எழுதப்படல் வேண்டும். கல்லூரி ஆசிரியர்களும் கருவியின் படத்தை வரைவிக்குமுன் இதனைக் கற்பித்தல் நன்று.