எத்தனை பேரைக் கேட்டோம்? யாரைக் கேட்டோம்?



"நம்ம பசங்கள்ல நூற்றுக்கு எண்பது பேர் ஆமாம்னு சொல்லிட்டாங்க!" சங்கக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. யார் அந்த எண்பது? அவர்களை எப்படிப் பொறுக்கினார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக் கேட்டு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பதில் வந்தது. லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. நடந்ததோ வேறு! ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ஏறக்குறைய 50 ஆயிரம் பேரை வைத்தே ரூஸ்வெல்ட்தான் வருவார் என்று சொல்லியிருந்தார் ஜார்ஜ் காலப்.

பத்திரிகைக்காரர்கள் முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து. போனும் காரும் இல்லாத ஏழைபாழைகள் பெரும்பாலும் கணக்கிலேயே வரவில்லை. போதாக்குறைக்கு, அட்டை போனவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்திருந்தால் என் அப்பாவுக்கும் அட்டை வந்திருக்காது!

சரி, எத்தனை பேரைக் கேட்டால் போதும்? சீட்டுக் குலுக்கி எடுத்த 100 பேரில் 60 பேர் ஆமாம் என்றால், 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்குங்கள். சுமார் 0.10 வரும். அதாவது, 95 சதவீத நம்பிக்கையோடு உண்மை விகிதம் 50-க்கும் 70-க்கும் நடுவில். 400 பேரைக் கேட்டால் 55-க்கும் 65-க்கும் நடுவில். நாலு மடங்கு கேட்டால்தான் தவறு பாதியாகும். ஆனால் குலுக்காமல் எடுத்தால் இந்த சூத்திரம் செல்லாக்காசு!

இனி நம்ம கதைக்கு வருவோம். சாயங்காலம் கேண்டீன் வாசலில் கை தூக்கச் சொன்னால் யார் இருப்பார்கள்? ஹாஸ்டல் பையன்கள். நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கிராமத்துப் பிள்ளைகளும், லேத் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவனும் இருக்க மாட்டார்கள். பஸ் நேரத்தை மாற்றலாமா என்று அவர்கள் இல்லாமலே முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

என் யோசனை இதுதான். எல்லாப் பிரிவு வருகைப் பதிவேட்டையும் வைத்து, எண்களைச் சீட்டெழுதிக் குலுக்குவோம். சீட்டு விழுந்தவர் லீவு என்றால் பக்கத்து பெஞ்ச்காரரைக் கேட்டு ஒப்பேற்றக் கூடாது. மறுநாள் தேடிப்போய்க் கேட்க வேண்டும். 1950-ல் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஆளையே நேரில் அனுப்பியது. நமக்கு அடுத்த வகுப்பறைக்குப் போக என்ன கஷ்டம்?

எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், தவறு எவ்வளவு இருக்கலாம் என்ற மூன்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். அப்புறம் சொல்லலாம், 'மாணவர் கருத்து' என்று!