அகலமான ஸ்கீதான் நல்ல ஸ்கீயா?



போன மாதம் எங்க மாமா லீவில் வந்திருந்தாங்க. அவங்க ராணுவத்தில் இருக்காங்க. காஷ்மீரில் குல்மார்க் என்ற ஊரில் 1948-ல் தொடங்கிய ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. பனிமலையில் ஏறுவது, நடப்பது, காலில் ஸ்கீ மாட்டிச் சறுக்குவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். மாமாவும் அங்கே பயிற்சி எடுத்தவங்க. அவங்க போனில் இருந்த வீடியோவை நாங்க அஞ்சு பேர் சேர்ந்து பார்த்தோம். சுற்றுலா வந்தவங்க சிலர் அகலமான, ரெண்டு முனையும் மேலே வளைந்த ஸ்கீயில் துள்ளித் துள்ளி இறங்கினாங்க. பார்த்ததும் எல்லோரும் "இதுதான் பெஸ்ட்" என்று கத்தினோம். மாமா சிரிச்சுட்டு, "எந்தப் பனிக்கு பெஸ்ட்?" என்று கேட்டாங்க. எங்களுக்குப் பதில் தெரியலை.

அதற்கப்புறம் மாமாவை விடாமல் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்தக் கருத்தை எழுதுகிறேன். "பனியையே பார்க்காத உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். பனியைப் பார்க்காவிட்டாலும் அழுத்தம் பாடம் நடத்தியாச்சே!

அழுத்தம் = விசை ÷ பரப்பு. என் எடை 40 கிலோ. விசை 400 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பூட்ஸ் மட்டும் போட்டு நின்றால் ரெண்டு காலுக்கும் சேர்த்து 400 சதுர செ.மீ. பரப்புதான். அழுத்தம் 10,000 பாஸ்கல். பொடிப்பனியில் இடுப்பு வரை உள்ளே போய்விடுவேன். ஒல்லியான ஸ்கீ, நீளம் 160 செ.மீ., சராசரி அகலம் 8 செ.மீ. என்றால் அழுத்தம் சுமார் 1,560 பாஸ்கல். அதுவே 170 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம் என்றால் சுமார் 900 பாஸ்கல்தான். அதனால்தான் அகல ஸ்கீ மிதக்கிறது. ஒட்டகத்தின் பாதம் மணலில் புதையாததும் இதனால்தான். அகல உழுவதை விட ஆழ உழு என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பொடிப்பனியில் அது அப்படியே தலைகீழ். ஆழமாய்ப் போனால் மாட்டிக்கொண்டோம்!

அகலத்தோடு வளைவும் முக்கியம். பழைய ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே எழும்பி நிற்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஆள் ஏறி நின்றால் வில் அழுந்தி, விளிம்பு முழுவதும் பனியைப் பிடிக்கும். இதற்கு எதிராக மூக்கும் வாலும் தோணி மாதிரி தூக்கி இருப்பது ராக்கர். ஷேன் மெக்கான்கி என்ற வீரர் அலாஸ்கா பனிமலையில், தண்ணீரில் சறுக்கும் ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். பனி ஆழமாய் இருந்தால் அதுவும் தண்ணீர் மாதிரிதான் என்பது அவர் யோசனை. அவர் யோசனைப்படி 2002 வாக்கில் வோலன்ட் கம்பெனி 'ஸ்பாட்டுலா' என்ற ஸ்கீயைச் செய்தது. தோசைத் திருப்பி மாதிரி நடுவில் அகலம், முனைகள் மேலே. இன்றைக்கு நாம் பார்க்கிற விளையாட்டு ஸ்கீகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

முன்னும் பின்னும் வளைந்திருப்பதால் இவற்றில் பின்பக்கமாகவும் சறுக்கலாம். எளிதாக வளையும். குதிக்கலாம், சுழலலாம். சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை.

ஆனால் மலை முழுக்க ஒரே பனியா இருக்கு? குல்மார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்ற கம்பி வண்டியில் ஏறினால் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டு போய் விடும். உச்சியில் மரமே இல்லாத வெட்டவெளி. கீழே வர வர அடர்ந்த மரங்கள். காற்று அடித்த இடத்தில் பனி கெட்டிப்பட்டுக் கிடக்கும். நாலு பேர் போன தடத்தில் உழுத வயல் மாதிரி கட்டி கட்டியாய் இருக்கும். வெயில் பட்டு இளகி, ராத்திரி உறைந்தால் காலையில் சிமெண்ட் தரைதான் என்று மாமா சொன்னாங்க. கெட்டிப்பனியில் அகல ஸ்கீயைச் சாய்க்கக் கஷ்டம். விளிம்பு பாதத்தை விட்டுத் தள்ளி இருப்பதால் கணுக்காலும் முழங்காலும் வலிக்கும். ராக்கர் அதிகம் என்றால் பனியைப் பிடிக்கும் விளிம்பின் நீளமும் குறைவு. ரொம்ப மெத்தென்று இருந்தால் கட்டிப் பனியில் வேகமாய்ப் போகும்போது உதறும்.

ஒல்லி ஸ்கீ மட்டம் என்றும் நினைக்காதீர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பாகப் போன ஒரே வீரர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிப் கான். அவர் கலந்துகொண்ட ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் ஓடுவதெல்லாம் ஒல்லி ஸ்கீதான். இறுக்கிச் சமன் செய்த பனிப் பாதைக்கு அதுதான் சரி.

அதனால் நான் ஸ்கீக்கு 100-க்கு இப்படி மார்க் போடுவேன்:

பொடிப்பனியில் மிதப்பது – 25
கெட்டிப்பனியில் பிடிப்பு – 25
மரங்களுக்கு நடுவில் சட்டென்று திரும்புவது – 20
கட்டிப் பனியில் உதறாமல் போவது – 20
குதிக்க, சுழல வசதி – 10

ரொம்ப அகலமான விளையாட்டு ஸ்கீ முதலாவதிலும் கடைசியிலும் முழு மார்க் வாங்கும். ரெண்டாவதில் பெயிலாகிவிடும். தமிழில் 100 வாங்கி கணக்கில் 20 வாங்கினால் ரிசல்ட் என்னவென்று நமக்குத் தெரியாதா? என் கருத்துப்படி ஒரே ஸ்கீ வாங்குகிறவர் பாதத்தின் கீழ் 100 மி.மீ. அகலத்தை ஒட்டி, மூக்கில் நல்ல ராக்கர், நடுவில் கேம்பர், வாலில் கொஞ்சமாக ராக்கர் உள்ளதை எடுக்கலாம். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகும்.

"விளையாடத்தானே போறாங்க, சந்தோஷம் தந்தால் போதாதா?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

மெத்தென்ற புதுப்பனி எங்கே அழகாய்க் கிடக்கிறதோ, அங்கேதான் பனிச்சரிவும் வரும். சரிவின் கோணம் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் ஆபத்து அதிகம். துள்ளி விளையாட ஆசைப்படுகிற சரிவும் இதேதான். பல நேரம் சறுக்குகிறவரின் பாரமே சரிவைக் கிளப்பிவிடுகிறது. குல்மார்க்கில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் 2 பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் இப்படித்தான் இறந்தார்கள். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மூணு பொருள் வேண்டும்: இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, தோண்ட மண்வெட்டி. கூடப் போகிற ஒவ்வொருவரிடமும் இந்த மூணும் இருக்க வேண்டும். பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல ஸ்கீ இருந்தால் தைரியம் வரும். அந்தத் தைரியம் நம்மை இன்னும் செங்குத்தான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஸ்கீ மிதக்க வைக்குமே தவிர, தோண்டி எடுக்காது. அதனால் காசு சேர்ப்பவர்கள் முதலில் அந்த மூணு பொருளையும் வாங்கி, பழகிவிட்டு, மீதிப் பணத்தில் ஸ்கீ பார்க்கட்டும். இதுதான் என் முடிவு.

மாமா எங்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாங்க. "நீங்க யாரையாவது தோண்டி எடுத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டபோது மட்டும் "காபி ஆறிடுச்சு பாரு" என்று எழுந்து போயிட்டாங்க. இந்தக் குளிர்காலமும் அவங்க மலையில்தான் இருப்பாங்க.

இது என் கருத்து. நான் சொன்னது தப்பு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். கணக்கைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி