ஜூலை இரண்டாவது ஞாயிறு

இந்த வருடமும் அதே கதைதான். ஜூலை இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் ஊரில் ஹெல்மெட் விழிப்புணர்வு பைக் பேரணி என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் வர வேண்டுமாம். அதே நாள், அதே காலையில் திருச்சியில் ஜாவா தினக் கூடல். நான் திருச்சிக்குத்தான் போகிறேன். கோபித்துக்கொண்ட நண்பர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஜாவா தினம் நேற்று முளைத்ததல்ல. இருபது வருடத்துக்கு மேலாக ஜூலை இரண்டாவது ஞாயிறுதான். காலண்டரில் தேதி மாறும், கிழமை மாறாது. பேரணி நடத்துகிறவர்களுக்கோ மீதி ஐம்பத்தொரு ஞாயிறு இருக்கிறது. ஹெல்மெட் பற்றிப் பேச அரசே ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம், மாதம் என்று ஒதுக்குகிறது. இந்த ஒரு நாள்தானா கிடைத்தது?

"ஊர் நன்மையா, உங்கள் புகை வண்டியா?" என்று ஒருவர் கேட்டார். புகைதான், ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் புகையாமல் என்ன செய்யும்? ஆனால் போன வருடம் அந்த ஊர் நன்மைக்கு நானும் போனேன். கொடியசைக்க வேண்டியவர் வர ஒன்றரை மணி நேரம். அதுவரை வெயிலில் நின்றோம். பிறகு போட்டோவில் முகம் தெரியவில்லை என்று எல்லோரையும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம், நான் உட்பட. ஒரு டீ-ஷர்ட் கிடைத்தது. வண்டி துடைக்க நல்ல துணி.

அன்று நான் விட்டது என்ன என்று பிறகுதான் உறைத்தது. கீழ ராஜ வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர்தான் நாற்பது வருடமாக என் யெஸ்டிக்கு வைத்தியர். மைசூர் ஆலை 1996லேயே மூடியாச்சு. இப்போது அதே பெயரில் வரும் புது வண்டிகள் ஃபோர் ஸ்ட்ரோக். அதைப் படித்த பையனுக்கு இதன் பாயிண்ட் செட் தெரியாது. பாய் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவில் சொருகி, சக்கரத்தை மெல்லத் திருப்பி, தாள் விடுபடுகிற இடத்தில் டைமிங் வைப்பார். கிக்கரும் கியரும் ஒரே லிவர் என்பதால் வரும் கோளாறுகளைச் சத்தத்திலேயே சொல்வார். திருச்சியில் காரைக்குடி, தஞ்சாவூர்ப் பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்து, கையில் ஸ்பேனரை வாங்கிச் செய்து பார்ப்பார்கள். வருடத்தில் ஒரு நாள் நடக்கிற வகுப்பு அது. அவர் என் பின்சீட்டில்தான் போவார். நான் பேரணிக்குப் போனதால் அவர் போகவில்லை. "பரவாயில்லை சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். மாசி மாதம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தாளைச் சொருக இப்போது பேரன் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"காலையில் பேரணி, மதியம் திருச்சி, ரெண்டுக்கும் போங்களேன்" என்பது இன்னொரு யோசனை. இது கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிற புத்தி. வண்டியைப் பிரித்து மாட்டுகிற வேலையெல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மதியம் போனால் பிரியாணி இருக்கும், பாயிண்ட் இருக்காது.

பேரணிக்காரர்கள் தேதியை ஒரு வாரம் தள்ளட்டும், முதல் ஆளாக வருகிறேன். வெயிலில் நிற்கவும் தயார். ஹெல்மெட்டை மட்டும் கழற்றமாட்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு பாய் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பேன். நார்த்தாமலை தாண்டி, கீரனூரில் ஒரு டீ. பின்சீட்டுக்கும் ஹெல்மெட் வாங்கியாச்சு, ஒரு சைஸ் பெரிதாக. தொப்பியைக் கழற்றாமல்தான் போட்டுக்கொள்வாராம்.