அகரவரிசையில் ஒரு அநியாயம்

கிளாஸ்கோவை ஒட்டிய புறநகர் பேர்ஸ்டன். அதன் தெற்கு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். ஓட்டுச்சீட்டில் பெருக்கல் குறி கிடையாது. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். 2007 முதல் ஸ்காட்லாந்து முழுக்க இப்படித்தான். செல்லும் ஓட்டு 8000 என்றால் ஜெயிக்க 2001 போதும். உபரி ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை.

ஆனால் அதில் ஒரு ஓட்டை. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் வருகின்றன. கட்சியைப் பார்த்துப் போடுகிறவர் மேலிருந்து கீழே எண் போட்டுக்கொண்டே வருவார். அதனால் ஒரே கட்சி இருவரை நிறுத்தினால் மேலே இருப்பவருக்கே பெரும்பாலும் '1' விழுகிறது. கீழே இருப்பவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் பின்தங்கிவிடுகிறார். பள்ளிக்கூடம், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பார்க்கப் போகிறவருக்கு 'ஏ'-யில் தொடங்கும் பெயர் ஒரு தகுதியா?

டாஸ்மேனியாவில் சீட்டுக்குச் சீட்டு பெயர் வரிசையை மாற்றி அச்சடிக்கிறார்கள். ராப்சன் சுழற்சி என்று பெயர். எண்ணுவது சிரமம் என்பார்கள் சிலர். ஸ்காட்லாந்தில் எண்ணுவதே இயந்திரம்தானே! வாக்காளர் குழம்புவார் என்பது இன்னொரு வாதம். வேட்பாளர்களை வரிசைப்படுத்தத் தெரிந்தவருக்குத் தன் ஆள் பெயரைத் தேடத் தெரியாதா என்ன?

2022 தேர்தலில் ஓட்டுப் போட்டதே நூற்றுக்குச் சுமார் 45 பேர். அந்த ஓட்டாவது ஆளைப் பார்த்து விழட்டும், அகராதியைப் பார்த்து வேண்டாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?