கெளுத்தி மீனும் கெட்ட காலமும்

அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டா, இல்லையா என்பதைப் பற்றி ஜோதிட சாஸ்திரிகளும் பகுத்தறிவுக்காரர்களும் வெகு காலமாக வாதாடி வருகிறார்கள். வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் தூண்டில் போடுகிறவர்கள் மட்டும் இந்த விஷயத்தில் ஏகமனதாக இருக்கிறார்கள். மீன் அகப்பட்டால் அது தங்கள் சாமர்த்தியம். அகப்படாவிட்டால் அது அதிர்ஷ்டக் குறைவு. இதற்கு மாறாகப் பேசிய தூண்டில்காரர் ஒருவரையேனும் நாம் இதுவரையில் சந்தித்ததில்லை.

விருதுநகர் ஜில்லாவில் இந்த அதிர்ஷ்டம் என்பது கொஞ்சம் சிக்கலான சமாசாரம். அது கரிசல் பூமி. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து போய்விடும். மற்ற மாதங்களில் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். இப்படி வறண்ட காற்றே சிவகாசிக்கு வாழ்வளித்தது. 1922-ல் அவ்வூர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து ஊரில் ஆரம்பித்தார்கள். குச்சி காய்வதற்கும், பிற்பாடு பட்டாசு காய்வதற்கும் அந்த வெயிலைவிட உத்தமமான சகாயம் வேறென்ன வேண்டும்? ஆகவே தீபாவளிக்கு முன்னால் மேகம் கறுத்தால் பட்டாசுக்காரர் முகம் கறுக்கும்; அதே மேகத்தைக் கண்டு கண்மாய்க் கரையில் நிற்கும் குடியானவர் முகம் மலரும். ஒருவருடைய நல்ல காலமே மற்றவருடைய கெட்ட காலமாயிருக்கும் விந்தையை அந்த ஜில்லாவில் வருஷந்தோறும் காணலாம்.

மேற்படி மழையை நம்பித்தான் வைப்பாறும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாக ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் நதி அது. 2022-ஆம் வருஷம் முதல் வெம்பக்கோட்டையில் பூமியைத் தோண்டிப் பார்த்ததில் சங்கு வளையல் துண்டுகளும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்தன. அந்தக் காலத்து ஜனங்கள் இந்த ஆற்றை நம்பி ஊர் கட்டிச் சுகமாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இப்போதோ வருஷத்தில் பல மாதங்கள் அங்கே ஆறு என்பது மணலும் சீமைக் கருவேல முள்ளுந்தான். மழைக்குப் பிறகு சில வாரங்கள், சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடிப் பக்கத்தில் மடுக்களில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் கெளுத்தி இருக்கும். கெளுத்தி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் நம் சிநேகிதர்களால் வீட்டில் இருக்க முடியாது.

சிநேகிதர்கள் மூவர். ஒருவர் விருதுநகரில் பருப்பும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்கிறவர். இன்னொருவர் சாத்தூர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர். மூன்றாமவர் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கிறவர். தமிழ்நாட்டில் பல்லாயிரம் வீடுகளுக்கு ராகு காலமும் எமகண்டமும் அளந்து கொடுக்கிறவர் அவர்தான் என்பதால், நாள் பார்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டோம். அவர் கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அமாவாசை, கெளுத்திக்கு இருட்டுப் பிடிக்கும். சூலம் மேற்கு, நாம் போவதோ கிழக்கு. இனி என்ன குறை?

கெளுத்தியைப் பற்றி மரக்கறி உணவுக்கார நேயர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது செதிலில்லாத மீன். வாயைச் சுற்றிலும் நீண்ட மீசை. அந்த மீசை அழகுக்காக ஏற்பட்டதன்று. கலங்கல் தண்ணீரிலும் கும்மிருட்டிலும் இரையைத் தொட்டும் சுவைத்தும் அறிவதற்காக ஏற்பட்டது. பகலெல்லாம் மடுவின் அடியில் கிடந்துவிட்டு, இரவில் உலாவப் புறப்படும். அதன் சுற்றத்தாரில் வாளை பெரிய உடம்புக்காரன். தேளி என்பதன் பெயரே தேளை நினைவூட்டும், குணமும் அப்படித்தான். கெளுத்திக்கும் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள் உண்டு. பிடிக்கத் தெரியாமல் பிடித்தவர்கள் அந்த முட்களைப் பிறகு ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

இரவு எட்டு மணிக்கு மடுவின் கரையில் உட்கார்ந்தோம். உபாத்தியாயர் மண்புழு டப்பாவையும் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தையும் ஒரே பையில் கொண்டுவந்திருந்தார். இருட்டில் எது எந்தப் பொட்டலம் என்ற சந்தேகம் ஏற்பட்டதிலிருந்து காராச்சேவை யாரும் தொடவில்லை. வியாபாரியின் தூண்டில் சுண்டி இழுத்தது. அவர் எழுந்து நின்று, காலை ஊன்றி, கால் மணி நேரம் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தது முழு நீளமுள்ள சீமைக் கருவேலக் கிளை. காலண்டர்க்காரருக்கு உண்மையாகவே ஒரு கெளுத்தி சிக்கிற்று. சாண் நீளங்கூட இராது. சந்தோஷத்தில் அதை இறுகப் பிடித்தார். அது அவர் கட்டை விரலில் முள்ளை இறக்கிவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது.

இந்த விஷத்துக்குச் சூடு ஆகாது. பொறுக்கக்கூடிய வெந்நீரில் விரலை வைத்திருந்தால் வலி தணியும். உபாத்தியாயருக்கு இது தெரிந்திருந்தது. காப்பிக்காகப் பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த வெந்நீர் அவ்வளவும் காலண்டர்க்காரருடைய விரலுக்கு அபிஷேகமாயிற்று. சிநேகிதருக்கு வலி குறைந்தது. மற்றவர்களுக்குக் காப்பி போயிற்று.

பத்து மணி சுமாருக்கு ஆற்றோரத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தம்முடைய தூண்டிலோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "அண்ணாச்சி, ஏதாச்சும் அம்புட்டுதா?" என்று வியாபாரியை விசாரித்தார்.

"காலம் சரியில்லை, பெரியவரே" என்றார் வியாபாரி.

"காலத்துக்கு என்ன அண்ணாச்சி? தண்ணி கிடந்தா மீன் கிடக்கும். எங்கய்யா காலத்துல தை மாசம் வரைக்கும் இந்த மடுவுல ஆள் இறங்க முடியாது" என்றார் பெரியவர்.

பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய தூண்டில் வளைந்தது. இந்த முறை கிளையன்று. முழங்கை நீளமுள்ள மீன். கன்னங்கரேலென்று, தட்டைத் தலையும் எட்டு மீசையுமாகக் கரையில் நெளிந்தது. நாம் எல்லோரும் ஆரவாரம் செய்தோம். பெரியவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "இது நம்ம ஊரு மீனு இல்லைய்யா. எவனோ பண்ணையில வளத்தது, வெள்ளத்துல தப்பி வந்துட்டுது. மத்த மீனையெல்லாம் தின்னுபோடும்" என்றார். அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை நம் நாட்டில் வளர்க்கக் கூடாதென்று தடை உண்டு. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அது விஷயமாக உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. மீன் ஆற்றில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் இதை எழுதக் காரணம். நள்ளிரவு தாண்டியிருக்கும். மேலே எங்கோ ஆற்றுத் திருப்பத்தில் "டம்" என்று ஒரு சத்தம் கேட்டது. சிவகாசிச் சீமையில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தச் சத்தம் அமுங்கி, தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் தூண்டிலைச் சுருட்டினார். "வீட்டுக்குப் போங்கய்யா. வெடி போட்டுட்டானுக. இனி இன்னிக்கில்ல, இந்த வருசமே கடிக்காது" என்றார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வெடி போட்டவர்கள் பெரிய மீன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மடுவின் ஓரமெங்கும் விரல் நீளமும், அரை விரல் நீளமுமான குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. காலண்டர்க்காரர் வீங்கிய விரலைக்கூட மறந்து வெகு நேரம் நின்றார். "மருந்தோட வேலை செய்கிற எங்க ஊர்க்காரன் மருந்துக்குப் பயப்படுவான், இவனுக்கு எதுக்கும் பயமில்லை போலிருக்கிறதே!" என்றார்.

வெடி தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்பதை நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. மீனின் வயிற்றுக்குள் காற்றுப் பை ஒன்று உண்டு. வெடியின் அதிர்ச்சி தண்ணீர் வழியாகப் பாய்ந்து அந்தப் பையைக் கிழித்துவிடுகிறது. கெளுத்தி இனத்துக்கு அந்தப் பை சிறு எலும்புகளால் காதோடு இணைந்திருக்கிறது. அதனால்தான் கரையில் நடக்கும் காலடியைக்கூட அது அறிந்துகொள்கிறது. எந்த அவயவம் அதை இருட்டில் காப்பாற்றுகிறதோ, அதன் வழியாகவே யமனும் வருகிறான். செத்த மீன்களில் பல மிதப்பதில்லை. அடியில் அமிழ்ந்து வீணாகின்றன. முட்டையும் குஞ்சும் போவதற்குக் கணக்கே இல்லை. ஒரு கூடை மீனுக்காக வரும் வருஷத்து மீன் அவ்வளவும் பலி.

இது புதிய அக்கிரமமன்று. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த பிரான்ஸிஸ் டே என்னும் மீன் சாஸ்திரி, இந்திய ஆறுகளில் சினை மீனும் குஞ்சும் அழிக்கப்படுவதைப் பற்றி 1873-லேயே விரிவான அறிக்கை வெளியிட்டார். 1897-ல் பிறந்த மீன்வளச் சட்டம், வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிற்று. அப்போது அதற்கு விதித்திருந்த தண்டனை இரண்டு மாதம் வரையில் சிறை, அல்லது 200 ரூபாய் வரையில் அபராதம். வெள்ளைக்காரன் இயற்றிய சட்டங்களில் பலவற்றை மீறி நம் தலைவர்கள் சிறை சென்றார்கள். அதனால் தேசத்துக்குப் பெருமை வந்தது. இந்தச் சட்டத்தை மீறுவதில் தேசபக்தி எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆறு இப்போது நம்முடையது. அதைக் கொள்ளையடிக்கிறவனும் நம்மவனே.

சட்டம் பிறப்பதற்கு முன்பே நம் கிராமத்தார் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் அது இன்றும் நடக்கிறது. அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றும் வரையில் ஊரார் காத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் குறித்து, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகுதான் ஊத்தாவும் கச்சாவும் தூரியுமாக ஜனங்கள் கண்மாய்க்குள் இறங்குவார்கள். ஒருவருக்குப் பெரிய விரால் கிடைக்கும். ஒருவருக்குக் கெண்டைப் பொடிகூடக் கிடைக்காது. ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறவரும் சிரித்துக்கொண்டே போவார். ஏனென்றால், எல்லோரும் ஒரே வேளையில், ஒரே தண்ணீரில் இறங்கினார்கள். அதிர்ஷ்டம் என்று நியாயமாகச் சொல்லத் தகுந்தது அதுதான்.

வைப்பாற்றுப் பெரியவருக்கு அன்று நேர்ந்ததற்கு அதிர்ஷ்டக் குறைவு என்று பெயரிடுவது தகாது. மணலை அள்ளினது கிரகமன்று. முள்ளை வளரவிட்டதும், அந்நிய மீனைத் தப்பவிட்டதும், நள்ளிரவில் வெடியை எறிந்ததும் சனீசுவரன் செய்த காரியங்களல்ல. மனிதர் செய்ததை மனிதர் தடுக்கலாம். மீன் வாங்கும் வீடுகளில் ஒரு காரியம் உடனே செய்யலாம். வெடியில் செத்த மீனுக்கு வயிறு குழைந்திருக்கும்; உள்ளே இரத்தம் கட்டியிருக்கும்; முதுகெலும்பு முறிந்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று நம் தாய்மார்கள் சொல்லிவிடட்டும். எங்கே பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவும் கேட்கட்டும். வாங்குவாரில்லாத சரக்குக்காக யாரும் நடு ராத்திரியில் ஆற்றில் இறங்கமாட்டார்கள். மழை பெய்வது நம் கையில் இல்லை. பெய்த மழையில் பிறந்த குஞ்சு அடுத்த கார்த்திகை வரையில் பிழைத்திருப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.