போனுக்குள் ஒரு தலையாட்டி

"போனில எல்லாத்தையும் கதைக்காதை, நேரில வா சொல்லுறன்." வடக்குக் கிழக்கில் வளர்ந்த எவருக்கும் இந்த வசனம் புதிதில்லை. காணிப் பிரச்சினை, வெளிநாட்டிலிருந்து வரும் காசு, ஆரோ ஒருவரை விசாரணைக்குக் கூப்பிட்ட கதை என்று வந்துவிட்டால் அம்மாமாருக்குக் குரல் தானாகத் தணியும். சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையில் நிற்பாட்டி, முகத்தை மூடிக்கொண்டிருந்த தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலத்தைக் கண்டவர்கள் அவர்கள். போர் முடிந்த பிறகும் இராணுவம் வீட்டாரைப் பதிந்து குடும்பப் படம் எடுத்ததைக் கண்டவர்கள். ஒரு விபரத்தை ஒருவரிடம் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேருமென்று சொல்ல ஏலாது என்பதை அவர்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

அதனால், கூகுள் இல்லாத போன் என்று கதையெடுத்தவுடன் "உது வெள்ளைக்காரரின்ர பொழுதுபோக்கு மச்சான்" என்று எங்கட பட்ச்சில் சிலர் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம்தான் இது. அம்மாமார் பயந்தது கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு. இப்போது சேர்த்து வைப்பவனும் வந்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்த்து வைப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்ட்ரொய்ட் என்ற இயங்குதளத்தின் அடிப்படை திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் கடையில் வாங்கும் போனில் அதற்கு மேலே கூகுளின் மூடிய அடுக்கு ஒன்று இருக்கிறது: பிளே ஸ்டோர், பிளே சேர்விசஸ், தேடல், குரோம். இவற்றைக் கழற்ற விடமாட்டார்கள். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தேடலையும் குரோமையும் சேர்த்தே போட வேண்டும் என்று போன் கம்பனிகளைக் கட்டிப்போட்டதற்காகத்தான் ஐரோப்பிய ஆணைக்குழு 2018 இல் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2022 இல் நீதிமன்றம் அதை 4.125 பில்லியனாகக் குறைத்ததே தவிர, குற்றம் இல்லை என்று சொல்லவில்லை.

2021 இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஓர் ஆய்வு செய்தார்கள். சும்மா மேசையில் கிடக்கும் அன்ட்ரொய்ட் போனும் ஐபோனும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருதரம் தங்கள் கம்பனிக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருந்தன. பயனர் வேண்டாம் என்று அமைப்பில் நிறுத்திய பிறகும்தான். ஸ்மார்ட்போன் வேலை செய்யும் விதமே இதுதான் என்பது கூகுளின் பதில். ஐபோன் வாங்கிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கும் நண்பர்கள் இந்தப் பந்தியை இன்னொருதரம் வாசிக்கலாம்.

"எடுக்கட்டுமன், விளம்பரம் காட்டத்தானே?" என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் உடற்பயிற்சிக்காகத் தன் சைக்கிளில் ஓடிய பாதையைப் போனில் பதிந்து வந்தார். அந்தப் பாதையில் இருந்த ஒரு வீட்டில் களவு போனது. அவர் அன்று அந்த வீட்டை மூன்று தரம் கடந்திருந்தார். களவு நடந்த இடத்துக்குக் கிட்ட இருந்த போன்களின் விபரத்தைத் தரும்படி பொலிஸ் கூகுளிடம் கேட்டபோது இவரின் போனும் அதில் வந்தது. 2020 இல் அவர் வழக்கறிஞர் பிடித்துத்தான் அதிலிருந்து வெளியே வந்தார். இடவிபரத்தை இனிப் பயனரின் போனிலேயே வைக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது 2023 கடைசியில்தான். விளம்பரத்துக்கென்று சேர்த்தது வேறொன்றுக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கிற, முகநூலில் ஒரு படம் பகிர்ந்ததற்காகப் பொடியள் உள்ளே போன நாட்டில் இருந்துகொண்டு "எனக்கு மறைக்க ஒண்டும் இல்லை" என்பவர்களுக்கு நல்ல துணிவு. எது மறைக்க வேண்டியது என்று தீர்மானிப்பவர் நீங்கள் இல்லையே.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? போர்டிங்கில் நாலு பேர், நாலு பேரும் கலைப்பீடம். கோடிங் தெரிந்தவர் எவருமில்லை. கையில் மூன்று போன்கள். கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த பழைய பிக்சலில் கிராபீன் ஓஎஸ் போட்டோம். ஒரு பழைய ஷியோமியில் லினேஜ் ஓஎஸ் போட்டோம். மூன்றாவது ஹுவாவே. பூட்லோடரைத் திறக்கும் குறியீடு கொடுப்பதை அந்தக் கம்பனி 2018 இலேயே நிறுத்திவிட்டதால் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. இயங்குதளத்தை விட்டுவிட்டுச் செயலிகளை மட்டும் மாற்றினோம்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. கூகுளிடமிருந்து தப்புவதற்குப் பெயர்போன கிராபீன் ஓஎஸ் இதுவரை ஓடுவது கூகுள் விற்கும் பிக்சல் போன்களில் மட்டுமே. வேறு இயங்குதளம் போட்ட பிறகும் பூட்லோடரை முறையாகத் திரும்பப் பூட்ட விடுவதும், அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்பும்தான் காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் "ஒரு பிக்சல் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடிக்கும்போது, அந்த வரி மஹாபொலக் காசில் மாதம் தள்ளுபவர்களுக்கு எழுதப்படவில்லை என்று விளங்குகிறது. லினேஜ் பழைய, மலிவான போன்கள் கனக்கவற்றில் ஓடும். பாதுகாப்பில் அது கிராபீனுக்குக் கிட்ட வராது. பெரும்பாலும் பூட்லோடரைத் திறந்தபடியே விடவேண்டும், போன் களவு போனால் அது ஒரு பலவீனம். ஆனால் கம்பனி கைவிட்ட போனுக்கு அது திரும்பப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் கொடுக்கிறது. எங்கள் நிலைமைக்கு அதுவே பெரிய விசயம்.

கிராபீனில் எங்களுக்குப் பிடித்தது, ஒவ்வொரு செயலிக்கும் இணையத்தையே மறுக்கலாம் என்பது. டோர்ச் செயலிக்கு எதற்கு இணையம்? தொடர்பு இலக்கங்களைக் கேட்கும் செயலிக்கு வெறும் பட்டியலைக் காட்டிவிடலாம். கூகுள் பிளே கட்டாயம் வேண்டுமென்றால் அதையும் போடலாம், ஆனால் அது விசேட அதிகாரம் எதுவுமில்லாத சாதாரணச் செயலியாகத்தான் இருக்கும். வீட்டுச் சொந்தக்காரனாக இருந்தவனை வாடகைக்கு இருத்தியது போல.

கஷ்டம் தொடங்கியது தமிழில் எழுதப் போனபோது. கீபோர்ட்டைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், அனுப்பாமல் அழித்த வசனமும், கடவுச்சொல்லும் அதற்குள்ளால்தான் போகிறது. கூகுளின் கீபோர்ட்டில் 'amma' என்று அடித்தால் 'அம்மா' வரும் சுகத்துக்குப் பழகியவர்களுக்கு மாறுவது லேசில்லை. ஹெலிபோர்ட் என்ற திறந்த மூலக் கீபோர்ட்டில் தமிழ் இருக்கிறது, அது இணைய அனுமதியே கேட்பதில்லை. ஆனால் தமிழ் எழுத்துகளைத் தேடித்தேடி நேரடியாகவே அடிக்க வேண்டும். முதல் இரண்டு கிழமை பேசாமல் இருப்பது நல்லதென்று பட்டது. பிறகு கை பழகிவிட்டது, எழுத்துப்பிழையும் குறைந்தது. குரலால் தமிழ் எழுதும் வசதிக்கு மட்டும் ஈடாக ஒன்றை நாங்கள் காணவில்லை. அதனால்தான் குரலில் தேடிப் பாட்டுக் கேட்கும் அம்மம்மாவின் போனில் கைவைக்க வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு. அவருக்கு அது வாய்.

மெப் விசயம் இதற்கு நேர்மாறு. கூகுள் மெப்புக்குப் பதிலாக ஓர்கானிக் மெப்ஸ் போட்டோம். அது ஓபன் ஸ்ட்ரீட் மெப் என்ற பொதுத் தரவில் ஓடுகிறது, ஒருதரம் இறக்கினால் டேட்டா இல்லாமலே வேலை செய்யும், எங்கே போனீர்கள் என்று எழுதி வைக்காது. எங்களில் ஒருத்தியின் ஊர் வன்னியில். முதல் நாள் பார்த்தால் அவளின் ஒழுங்கை அதில் இல்லை. கூகுளிலும் இல்லை. ஆனால் இங்கே ஒரு கணக்குத் திறந்து, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவளே கீறிவிட்டாள். குளத்துக்கும் கோவிலுக்கும் தமிழ்ப் பெயரும் போட்டாள். ஓர் இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனியே பெயர் பதியலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லாருக்கும் திறந்திருக்கும். ஊர்ப்பெயரே அரசியலாக இருக்கிற இடத்தில் இதை நாங்கள் சின்ன விசயமாக எடுக்கவில்லை. புவியியல் படிக்கும் நண்பர்களே, அசைன்மென்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா?

வங்கிச் செயலிதான் முரண்டு பிடித்தது. எங்களில் ஒருவரின் வங்கி, லினேஜ் போட்ட போனில் செயலியைத் திறக்கவே விடவில்லை. போன் பாதுகாப்பானதா என்று இப்படியான செயலிகள் கூகுளிடம்தான் கேட்கின்றன, கூகுள் அத்தாட்சி கொடுக்காத போன் எதுவும் அவற்றுக்குச் சந்தேகத்துக்குரியது. வருடக்கணக்கில் புதுப்பிப்பே வராத பழைய போன் அத்தாட்சியோடு உள்ளே போகும், நேற்று புதுப்பித்த இயங்குதளம் வாசலில் நிற்கும். இப்போதைக்கு அவர் வங்கியின் இணையத்தளத்தைக் குரோமில்லாத ஓர் உலாவியில் திறந்து சமாளிக்கிறார்.

ஆனால் இவையெல்லாம் போனுக்குள் தீர்க்கக்கூடிய விசயங்கள். தீர்க்க முடியாதது பட்ச் குறூப். விரிவுரை நேரமாற்றம், பீடிஎஃப், பரீட்சை அட்டவணை, செத்தவீட்டுச் செய்தி எல்லாம் வட்ஸ்அப்பில். வெளியே வந்தால் படிப்பே போகும். அங்கே எழுதுவது மறைகுறியாக்கப்பட்டதுதான், ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது மெட்டாவுக்குத் தெரியும். என்னதான் கிராபீன் போட்டாலும், மற்றவர்களின் போன்களில் எங்கள் இலக்கம் பெயரோடு பதிந்திருக்கிறது, அவர்கள் பட்டியலைக் கொடுத்தால் நாங்களும் போகிறோம். இதனால்தான், தனியொருவர் தன் போனைச் சுத்தமாக்கிவிட்டு மற்றவர்களைக் கேவலமாகப் பார்க்கும் அந்தத் தூய்மைவாதம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அது சாதியாசாரம் மாதிரி நாறுகிறது. மாற்ற வேண்டியது முதலில் குறூப்பை. எங்கள் வாசிப்பு வட்டத்தைச் சிக்னலுக்குக் கொண்டுபோனோம், செய்திகள் ஒரு கிழமையில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். அதற்கு விசேட போன் எதுவும் தேவைப்படவில்லை. பட்ச் குறூப் வரவில்லை, வரப்போவதுமில்லை போலிருக்கிறது.

எல்லாரும் ஒரே கம்பனியின் ஒரே செயலிக்குள் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் தாக்குதலின் பிறகும், 2022 ஏப்ரல் போராட்டத்தின்போதும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. ஓர் உத்தரவு போதும், ஊர் முழுக்க ஊமை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தப் போன் உங்களை மறைக்காது. சிம் போட்டிருக்கும்வரை எந்தக் கோபுரத்துக்குக் கிட்ட நிற்கிறீர்கள் என்று தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியும். சோதனைச்சாவடியில் "போனைத் திற" என்றால் எந்த இயங்குதளமும் குறுக்கே வந்து நிற்காது. கிராபீனில் ஓர் அவசர இலக்கம் இருக்கிறது, அடித்தால் போன் முழுதும் அழிந்துவிடும். சீருடைக்கு முன்னால் அதை அடித்தால் பிறகு உங்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் யோசித்துவிட்டு வையுங்கள்.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி போடுவதென்றாலும், அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும் என்று 2025 ஓகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கிப் பிறகு மற்ற நாடுகளுக்கு. 2010 இலிருந்து திறந்த மூலச் செயலிகளை இலவசமாகக் கொடுத்துவரும் எஃப்-டிராய்ட் தளம், இது தன்னை மூடிவிடும் என்று எதிர்த்தது. எதிர்ப்பு கூடியதும், அனுபவமுள்ள பயனர்களுக்கு ஒரு வழி விடுவதாகக் கூகுள் சொன்னது. கூகுள் அத்தாட்சி இல்லாத கிராபீனுக்கும் லினேஜுக்கும் இந்த விதி பொருந்தாது. ஆனால் வங்கிச் செயலி மாதிரி ஒவ்வொரு கதவும் அத்தாட்சி கேட்கத் தொடங்கினால் அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி எங்களுக்கு இருக்கிறது.

செய்து பார்க்க விரும்புபவர்கள் கையில் இருக்கும் நல்ல போனில் தொடங்காதீர்கள். மேசை லாச்சியில் கிடக்கும் பழையதை எடுத்து, அதன் மாதிரி இலக்கம் லினேஜ் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை உட்காருங்கள், ஒரு லப்டொப்பும் நல்ல டேட்டா கேபிளும் போதும். பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள எல்லாமே அழியும். படங்களை முதலே எடுத்து வையுங்கள்.